பத்தாவது சொல்

ஸினோவி இறந்துபோன செவ்வாய்க்கிழமை காலையில் ரிம்மா அவர் படுத்திருந்த ஆஸ்பத்திரியின் விரிப்புகளைத்தான் மடித்துக்கொண்டிருந்தாள்.

ஜெர்மனியின் வெல்பெக் ஊருக்கு வெளியே, மூடிப்போன நிலக்கரிச் சுரங்கத்தின் மண்மேட்டை ஒட்டி இருந்தது அந்தச் சலவை ஆலை. சுற்றுவட்டாரத்து ஐந்து ஆஸ்பத்திரிகளுக்கும் எட்டு முதியோர் இல்லங்களுக்கும் அங்கேதான் வெளுப்பு. நீராவி உருளைக்குள் ஈரமாகப் போகும் விரிப்பு மறுபக்கம் தகடு மாதிரி விறைத்து வரும். இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து இழுத்து, மடித்து, அடுக்க வேண்டும். எதிர்முனையில் நின்றவள் குல்தென். துருக்கிக்காரி. பதினோரு வருடப் பழக்கம்.

மேற்பார்வையாளர் போனைக் கொண்டுவந்து நீட்டினார். ரிம்மா ஒரு கையால் விரிப்பின் முனையைப் பிடித்தபடியே கேட்டாள். சரி என்றாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்த விரிப்பை மடித்து முடித்தாள்.

"என்னக்கா?" என்றாள் குல்தென்.

"ஸ்யாமா போயிட்டார்."

வீட்டில் ஸினோவிக்கு ஸ்யாமா என்றுதான் பெயர். குல்தென் உருளையை நிறுத்தினாள். நான்கு நாளாகவே எதிர்பார்த்ததுதான். நுரையீரல். உக்ரைனில் ஸபரோஷ்யா உருக்காலையில் இருபது வருடம், இந்த ஊர்க் கொதிகலன் அறைகளில் இருபது வருடம் அவர் உள்ளே இழுத்ததெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கணக்குத் தீர்த்திருந்தது.

"விடுக்கா. கையை விடு. அதை நான் வெச்சிக்கிறேன்" என்று குல்தென் அவள் விரல்களைத் துணியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள்.

அன்று மத்தியானமே நவூம் வந்துவிட்டார். நவூம் இஸாக்கோவிச், எண்பத்தோரு வயது, ஒடெஸாக்காரர். யூத சங்கத்தின் தொழுகைக்கூடத்துக்கு அவர்தான் பொறுப்பாளர். வேகவைத்த முட்டை ஆறு, ஒரு ரொட்டி, உப்பு மீன் ஒரு டப்பா எல்லாவற்றையும் மேஜையில் வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்தார். ரிம்மாவின் மகன் கிரில் அப்போதுதான் வந்திருந்தான். பக்கத்து நகரத்தில் டிராம் ஓட்டுகிறான். முப்பத்தாறு வயது. சீருடையைக்கூட மாற்றவில்லை.

"புதைச்சிட்டு வந்துதான் முட்டை திங்கணும், அதான் வழக்கம். இருந்தாலும் கொண்டாந்துட்டேன். நீங்க ரெண்டு பேரும் ஒண்ணும் சமைச்சிருக்க மாட்டீங்க" என்றார் நவூம்.

"எப்போ புதைக்கிறது?" என்றான் கிரில்.

நவூம் மேஜைத்துணியின் ஓரத்தை நீவினார். பிறகு ரிம்மாவைப் பார்த்தார்.

"ரிம்மா. அந்தப் பேப்பர் எங்க இருக்கு?"

ரிம்மாவுக்கு எந்தப் பேப்பர் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

இருபத்தாறு வருடத்துக்கு முன்பு அவர்கள் இந்த ஊருக்கு வந்து இறங்கியபோது சங்கத்தில் எட்டுக் கிழவர்கள்தான் இருந்தார்கள். பத்து யூத ஆண்கள் இல்லாமல் தோரா என்ற வேதச் சுருளை வெளியே எடுக்க முடியாது. இறந்தவர்களுக்கான ஜெபத்தைச் சொல்ல முடியாது. நவூம்தான் அப்போது ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். ஸினோவி தன் பிறப்புச் சான்றிதழை நீட்டினார். சோவியத் சான்றிதழில் அப்பா என்ன இனம், அம்மா என்ன இனம் என்று இரண்டு வரி இருக்கும். அப்பா லேசர், யூதர். அம்மா பராஸ்கா, உக்ரைன்காரி. ஜெர்மன் அரசாங்கத்துக்கு ஒரு வரி போதுமாக இருந்தது, விசா கொடுத்தது. மதச் சட்டத்துக்கு அம்மா வரிதான் வேண்டும். நவூம் அதைப் படித்தார். மடித்தார். திருப்பிக் கொடுத்தார். "குடும்பத்தை உன் பொண்டாட்டி பேப்பர்ல பதிஞ்சிக்கிறேன். இதை வீட்ல வை" என்றார். அந்த சனிக்கிழமை ஸினோவியோடு ஒன்பது ஆனது. அடுத்த மாதம் கீவிலிருந்து ஒரு பல் வைத்தியர் வந்தார், பத்து.

அதற்குப் பிறகு ஆட்கள் வந்தார்கள், செத்தார்கள், பெர்லினுக்குப் போனார்கள். எண்ணிக்கை மட்டும் பத்தைத் தாண்டி நிலைத்ததே இல்லை. தலைகளை ஒன்று இரண்டு என்று எண்ணக் கூடாது என்பது வழக்கம். வேதத்தின் சங்கீதங்களில் பத்துச் சொல் உள்ள ஒரு வரி இருக்கிறது. ஆளுக்கொரு சொல்லாக அதை முணுமுணுத்துக்கொண்டே நவூம் பார்வையை ஓட்டுவார். கடைசிச் சொல் எப்போதும் ஸினோவிக்கு. இரண்டு பஸ் மாறி வர வேண்டியவர் அவர்தான், கடைசியாக வருவார். அதற்கும் தாமதமானால் வீட்டுக்கு போன் வரும். சனிக்கிழமை ஓய்வு நாள், நவூம் போனைத் தொடமாட்டார். வாசலில் நிற்கும் ஜெர்மன் காவலாளியிடம், "ஸினோவி இன்னும் வரலையே" என்று ஆகாயத்தைப் பார்த்துச் சொல்லுவார். போன் போடு என்று கேட்கக் கூடாது, தகவலாகச் சொல்லலாம். காவலாளி புரிந்துகொண்டு போன் போடுவான். "கிளம்பிட்டார்" என்பாள் ரிம்மா. பல நாள் அந்த நேரத்தில் ஸினோவி ஒற்றைச் செருப்போடு கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பார்.

"பேப்பர் இருக்கு. வாடகை ஒப்பந்தத்தோட சேர்த்து வெச்சிருக்கேன்" என்றாள் ரிம்மா.

"தொலைஞ்சு போச்சுன்னு சொல்லு."

"என்ன?"

"புது ரபி கோப்பை எடுத்துப் பாத்திருக்கார். ஸ்யாமா பேர்ல ஒரு காகிதம்கூட இல்லை. அம்மா சான்று கேக்கிறார். யுத்தத்துல எரிஞ்சு போச்சு, மாத்தி வரும்போது தொலைஞ்சு போச்சு, இது எல்லாரும் சொல்றதுதான். ரெண்டு சாட்சி போதும். ஒண்ணு நான். இன்னொண்ணு நீ. அம்மா பேரு பெய்லான்னு சொல்லு. முடிஞ்சுது."

"பெய்லா யாரு?" என்றான் கிரில்.

"யாரும் இல்லை. அதனால அவளுக்கு ஒண்ணும் வலிக்காது."

"பொய் சாட்சி சொல்லலாமா உங்க சட்டத்துல?"

"தம்பி, எனக்கு எண்பத்தோரு வயசு. உங்கப்பன் என்கூட நின்னு இருபது வருஷத்துல நாப்பது பிணம் குளிப்பாட்டியிருக்கான். மத்தவன் எல்லாம் தலையைப் பிடிப்பான், உங்கப்பன்தான் கால் விரல் இடுக்கு வரைக்கும் துடைப்பான். அவனை வெளிய போட்டுட்டு நான் உள்ள போய்ப் படுக்கணுமா? சொல்லு."

கிரில் முட்டைகளை எடுத்து உள்ளே வைத்தான்.

ஸினோவி கேட்டதும் அந்த ஒன்றுதான். வேறு எதற்கும் ஆசைப்பட்ட மனிதர் இல்லை. சங்கத்தின் இடுகாட்டுச் சுவரை அவர்தான் இரண்டு கோடைகாலம் பூசினார். அங்கே மண் நிரந்தரம். முந்நூறு வருடத்துக் கல்லும் சாய்ந்தபடி அதே இடத்தில் நிற்கிறது. ஊர்ப் பொது இடுகாட்டில் அப்படியில்லை, குழி குத்தகைக்குத்தான். தவணை முடிந்து புதுப்பிக்காவிட்டால் கல்லை எடுத்துவிட்டு அடுத்தவரை வைப்பார்கள். "என்னை அம்பத்தி மூணுல தொட்டில்ல இருந்து கிளப்பினாங்க, அப்பா வேலை போனதுனால. அப்புறம் எத்தனை வீடு, எத்தனை ஊரு. இனிமே எவனும் கிளப்பாத இடம் ஒண்ணு வேணும் ரிம்மா" என்று ஆஸ்பத்திரியிலும் சொன்னார். வெறும் ஆறு அடி. அதைக் கேட்கத்தான் வியாழக்கிழமை ரிம்மா சங்கத்துக்குப் போனாள்.

வாசலில் போலீஸ் வண்டி நின்றது. இஸ்ரேல்மேல் தாக்குதல் நடந்த அந்த அக்டோபருக்குப் பிறகு ஒன்று இரண்டாக ஆகியிருந்தது. காவலாளி அவளைப் பார்த்ததும் தொப்பியை எடுத்தான்.

சங்கத்தின் மதகுருவான ரபி சின்ன வயதுக்காரர். முப்பத்திரண்டு இருக்கும். பெல்ஜியத்திலிருந்து வந்து இரண்டு வருடம். கெட்டவர் இல்லை. ஸினோவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று தடவை நடந்தே வந்து பார்த்தவர். நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் ஊற்றி வைத்தார். நவூம் சுவரோரம் உட்கார்ந்து கைத்தடியின் பூணைத் திருகிக்கொண்டிருந்தார்.

"சிரமப்படுத்துறேன், மன்னிக்கணும். ஒரு படிவம்தான்" என்றார் ரபி. பேனாவைத் திறந்தார். "அப்பா பேர் லேசர். அம்மா பேர்?"

ரிம்மா தயாராகத்தான் வந்திருந்தாள். பஸ்ஸில் பெய்லா, பெய்லா என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் வந்தாள். நாக்கு அதற்குப் பழகியும்விட்டது. ஆனால் கேள்வி காதில் விழுந்ததும் மாமியார் முகம்தான் எதிரே வந்தது. யூதர்களை வேலையிலிருந்து தூக்கிய ஐம்பத்து மூன்றில் ஆலை நிர்வாகி கூப்பிட்டு, யூதனோடு வாழ மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் வீடு தருகிறேன் என்றபோது, காகிதத்தில் மூக்கைச் சிந்திவிட்டு வந்தவள். பிறகு புருஷன் வேலை இல்லாமல் இருந்த ஒன்பது மாதமும் ரயில் நிலையத்தில் சூரியகாந்தி விதை விற்றவள். தன் பையன் பதினாறு வயதில் அடையாள அட்டை அலுவலகத்துக்குப் போனபோது, "உக்ரைன்காரன்னு எழுதுடா, கல்லூரியில இடம் கிடைக்கும்" என்று கெஞ்சி, அவன் யூதன் என்றே எழுதிவிட்டு வந்ததும் கன்னத்தில் ஒன்று விட்டு, அப்புறம் கட்டிக்கொண்டு அழுதவள்.

"பராஸ்கா" என்றாள் ரிம்மா.

கைத்தடி திருகுவது நின்றது.

"பராஸ்கா" என்று ரபி மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "அவங்க மதம் மாறினவங்களா?"

"இல்லை. நல்லவங்க."

ரபி பேனாவை மூடினார். பக்கத்து அறையில் காப்பி இயந்திரம் உறுமி அடங்கியது.

"என்னால முடியாதும்மா. பெரிய ஊர்கள்ல இந்த மாதிரிக் குடும்பங்களுக்குத் தனியா ஒரு வரிசை உண்டு. நம்ம மண்ணுல அப்படி ஒண்ணு பிரிக்கலை. நானாப் பிரிக்க எனக்கு அதிகாரம் இல்லை. மேலிடத்துக்குக் கேட்டு எழுதலாம், ஆறு மாசம் ஆகும்." அவர் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "உங்களுக்கு உங்க இடம் இருக்கு. உங்க பையனுக்கும் இருக்கு. அதுல சந்தேகமே இல்லை."

"எனக்கா?"

"உங்க அம்மா வழி சரியா இருக்கு."

ரிம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அவள் அம்மா யூதச்சி, அப்பா ரஷ்யர். பதினாறு வயதில் அதே மாதிரி ஒரு அலுவலகத்தில் அவள் யோசிக்காமல் ரஷ்யப் பெண் என்று எழுதினாள். பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைத்தது. ஸினோவி யூதன் என்று எழுதியதற்கு உருக்காலையில் உலை முன்னால் நின்றார், பட்டாளத்தில் பல் இரண்டு போயிற்று. இங்கே ஒவ்வொரு நவம்பரிலும் கொல்லப்பட்ட யூதர்களின் நினைவுக்கல் முன்னால் மேயர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார், மறுநாள் பத்திரிகையில் 'நம் யூத நண்பர்' என்று படம் வந்தது. இரண்டு வாரத்துக்கு முன்புகூட ஆக்ஸிஜன் குழாயோடு போகிறேன் என்று அடம்பிடித்தார். உரிய இடத்தில் இருப்பது அவள். வெளியே நிற்பது அவர்.

ரபி நவூம் பக்கம் திரும்பினார். "அவரை இத்தனை வருஷம் எண்ணியிருக்கீங்க. உங்களுக்குத் தெரியுமா?"

நவூம் கைத்தடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். தெரியும் என்று சொன்னால் இருபத்தாறு வருடத்துத் தொழுகைகள், அந்தப் பத்தில் நின்று தங்கள் அப்பா அம்மாவுக்கு ஜெபம் சொன்னவர்கள், எல்லாம் என்னவாகும் என்று அந்த அறையில் மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

"அவருக்குத் தெரியாது. நாங்க மறைச்சிட்டோம்" என்றாள் ரிம்மா.

வெளியே வந்ததும் நவூம் அவள் கையைப் பிடிக்கப் பார்த்தார். அவள் பையை அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஏன் ரிம்மா, ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை."

"வரலை நவூம் இஸாக்கோவிச். நான் என்ன பண்ணட்டும்."

"எனக்காகப் பொய் வந்துதே."

"நீங்க உயிரோட இருக்கீங்க. உங்களுக்கு வேணும்."

ஊர் இடுகாட்டு அலுவலகத்தில் ஒரு நடுத்தர வயதுப் பெண். சாந்தமான முகம். ஜன்னலில் பூச்சட்டி. இறப்புச் சான்றிதழைப் பார்த்தவள் தலை நிமிர்ந்தாள்.

"இவரை எனக்குத் தெரியுமே. நவம்பர்ல பத்திரிகையில வருவார். உங்களுக்குத்தான் தனி இடம் இருக்கே?"

கிரிலுக்குக் காது சிவந்தது. "எங்களுக்குன்னா யாருக்கு?"

"இல்ல, நான் தப்பா ஒண்ணும்..."

"விடுடா" என்றாள் ரிம்மா. "இங்கதான் வேணும். எத்தனை வருஷம்?"

"இருபத்தஞ்சு. அப்புறம் நீட்டிக்கலாம். ஒத்தைக் குழியா, இரட்டையா?"

கிரில் அம்மாவைப் பார்த்தான். "ஒத்தை போதும்மா. உனக்குத்தான் சங்கத்து மண்ணுல சாகாவரம் கொடுத்திருக்காங்களே."

"இரட்டை" என்றாள் ரிம்மா.

"அம்மா, யோசிச்சுச் சொல்லு. ரெண்டாயிரத்து நாப்பத்தெட்டுல எனக்கு அறுபத்தொண்ணு. நான் மறந்தாலும் மறப்பேன்."

"மறந்தா ரெண்டு பேரையும் சேர்த்துக் கிளப்பட்டும். பழகினதுதானே."

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைதான் இடம் கிடைத்தது. பத்து நாள். அவர்கள் வழக்கத்தில் மறுநாளே மண்ணில் வைக்க வேண்டும். பத்து நாள் பிணவறைக் குளிரில் கிடந்தார். ரிம்மா வேலைக்குப் போனாள். வீட்டில் உட்கார்ந்தால் அவர் இருமல் கேட்டது. ஆலையில் இயந்திரச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"எங்க ஆளுங்களை விமானத்துல ஏத்திடுவாங்க அக்கா. எங்கப்பா சரக்குப் பெட்டியில போனார். பொறந்த ஊருக்கு. நீங்க அனுப்பலாமே?" என்றாள் குல்தென்.

"அவர் பொறந்த தெருவுல ஏவுகணை விழுது."

"அப்போ என்கூட வந்து படுக்கச் சொல்லு. இடுகாட்டுல எங்க முஸ்லிம் பக்கம் நிறைய இடம். தலையை மட்டும் மெக்கா பக்கம் கொஞ்சம் திருப்பி வைக்கணும்."

ரிம்மா அந்தப் பத்து நாளில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து, விரிப்பின் முனையை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். குல்தென் மறுமுனையைத் தளர விட்டு நின்றாள். அந்த விரிப்பு மறுபடி வெளுக்கப் போயிற்று.

வெள்ளிக்கிழமை தூறிக்கொண்டே இருந்தது. சுரங்க மேட்டிலிருந்து காற்று கரிவாடையோடு வந்தது. கிரிலும் ரிம்மாவும் குல்தெனும் குழியருகே போனபோது அங்கே ஏற்கெனவே ஆட்கள் நின்றார்கள். நவூம் எட்டுப் பேரைக் கூட்டி வந்திருந்தார், சனிக்கிழமை வர முடியாமல் முதியோர் இல்லத்தில் இருக்கும் ஒருவரையும் சேர்த்து. பல் வைத்தியர் ஊன்றுகோல் இரண்டோடு வந்திருந்தார். கார் இல்லாத கிழவர்கள் இரண்டு பஸ் மாறி வந்து, கால்சட்டை நனைந்து, குடைக்குள் ஒட்டி நின்றார்கள். ரபி வரவில்லை. போகாதீர்கள் என்றும் சொல்லவில்லையாம்.

நவூம் ரிம்மாவின் காதருகே வந்தார். "நேத்து ராத்திரி நானும் வைத்தியரும் பிணவறைக்குப் போனோம். கால் விரல் இடுக்கு வரைக்கும் துடைச்சோம்."

ரிம்மா தலையசைத்தாள்.

பெட்டியை இறக்கினார்கள். ஆளுக்கு மூன்று வாரி மண். பிறகு நவூம் நிமிர்ந்து, உதடு அசைய, பார்வையை ஓட்டினார். ரிம்மாவுக்கு அந்த வரி தெரியும். வீட்டில் ஸினோவி முகச்சவரம் செய்யும்போது முணுமுணுப்பார். தன்னிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கிழவராக நவூம் கடந்தார். ஒன்பதாவது சொல் வைத்தியரின் மேல் விழுந்தது. நவூமின் கண் குழியைப் பார்த்தது. அங்கேயே சிறிது நின்றது. பிறகு விலகி, கிரிலின் மேல் வந்தது. பத்தாவது சொல்லை அவர் சத்தமாகவே சொன்னார்.

"என்னை எண்ணாதீங்க" என்றான் கிரில். "எனக்கு ஒரு எழுத்து தெரியாது. அவருக்கு எல்லாம் மனப்பாடம்."

"தெரியாட்டிப் பரவாயில்லை. நீ நின்னாலே செல்லும்."

"அதைத்தான் சொல்றேன்."

"கிரில்" என்றாள் ரிம்மா. "அப்பாவுக்கு யாராவது சொல்லணும். சொல்லு."

நவூம் கோட்டுக்குள்ளிருந்து ஓர் அட்டையை எடுத்தார். பிளாஸ்டிக் உறை போட்டது. எபிரேயம் தெரியாமல் வருகிற புது ஆட்களுக்காக ஸினோவி தன் கையால் அந்த ஜெபத்தை ரஷ்ய எழுத்தில் எழுதி வைத்திருந்தார். இயந்திர வரைபடத்துக்கு எழுதுகிற மாதிரி நேர் நேரான எழுத்து. எங்கே மூச்சு விட வேண்டும் என்று சிவப்பில் சின்னக் கோடு.

கிரில் அதைப் படித்தான். முதல் இரண்டு வரி கோபமாகத்தான் வந்தது. அப்புறம் சிவப்புக் கோடுகளில் நிற்கத் தொடங்கினான். அப்பா மூச்சு விடச் சொன்ன இடத்திலெல்லாம் மூச்சு விட்டான். மழைத்துளி உறைமேல் விழுந்து உருண்டது. கிழவர்கள் ஆமென் சொன்னார்கள். தூரத்தில் மண்வெட்டியோடு நின்ற இரண்டு இடுகாட்டு ஆட்கள் சிகரெட்டை மறைத்துக்கொண்டார்கள்.

பஸ் நிறுத்தத்தில் நவூம் கிரிலின் கையைப் பிடித்தார். "நாளைக்கு சனிக்கிழமை. போன வாரம் ரபியோட சேர்த்து நாங்க ஒன்பது பேர். சுருளை எடுக்காம வீட்டுக்குப் போனோம். நீ வந்தா அப்பாவுக்கும் ஜெபம் சொல்லலாம்."

"நாளைக்கு எனக்கு வண்டி இருக்கு."

"எத்தனை மணிக்கு?"

"இருக்கு" என்றான் கிரில்.

அன்று மாலை கை வேலை கேட்டது. ரிம்மா வெள்ளிக்கிழமைகளில் செய்கிறதைச் செய்தாள். ஸினோவியின் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கதவில் மாட்டினாள். மாட்டிய பிறகுதான் என்ன செய்திருக்கிறோம் என்று தெரிந்தது. எடுக்க மனம் வரவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு போன் அடித்தது. கிரில் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, ஆறிப்போன டீயைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வண்டி இரண்டு மணிக்குத்தான்.

"வணக்கம்மா. தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்றான் காவலாளி. குரலைத் தணித்தான். "நவூம் ஐயா இங்க வாசல்ல நின்னு, ஒன்பது பேர்தான், ஒன்பது பேர்தான்னு ஆகாயத்தைப் பாத்துச் சொல்லிட்டிருக்கார். எனக்கு என்ன பண்றதுன்னு தெரியலை."

"கிளம்பிட்டார்" என்றாள் ரிம்மா.

சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. அந்தப் பக்கம் காவலாளி நன்றி சொல்லி வைத்துவிட்டான்.

"யாரு கிளம்பிட்டாங்க?" என்றான் கிரில்.

கிரில் அவளைப் பார்த்தான், கதவில் தொங்கிய சட்டையைப் பார்த்தான், மறுபடி டீயைப் பார்த்தான். எழுந்திருக்கவில்லை. திரும்ப போன் போட்டுத் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லலாம். ரிம்மா போனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு மகனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

அங்கே ஒன்பது பேரும் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நவூம் படியில் இறங்கி பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பார். ரபி கடிகாரத்தைப் பார்ப்பார். தோரா சுருள் அதன் பெட்டிக்குள்ளேயே இருக்கும். பார்க்கட்டும் என்று நினைத்தாள். ஒரு அரை மணி நேரம் ஸ்யாமாவுக்காக நிற்கட்டும்.